மலேசியாவிலிருந்து பூனையோடு காடியில் (காரில்) தாய்லாந்து: போகிறது பெரிசில்லை, திரும்பி வர்றதுதான் (பேசுறவங்களை ஊர் பேரால் குறிச்சிருக்கு)

செந்தூல்:
தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் பூனையைக் கூட்டிப் போக நினைக்கிறவங்க முதல்ல திரும்பி வர்ற வழியைப் பாருங்க. தாய்லாந்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) இருக்கு. அதனால் அங்கிருந்து நுழையும் பூனை, பிறந்து வளர்ந்தது கே.எல்.லாவே இருந்தாலும், காகிதத்தில் இறக்குமதிதான். இறக்குமதி பெர்மிட் கையில் இருக்கணும். வந்ததும் குறைஞ்சது 7 நாள் தனிமைக் கூண்டு, செலவு நம்மளது. மூணு நாள் விடுமுறைக்கு இது தேவையா? வீட்டிலேயே விட்டுட்டு, தீனி வைக்க ஆள் பாருங்க. வேலை மாறிப் போறவங்களுக்குத்தான் இந்த அலைச்சல் தகும்.

பட்டர்வொர்த்:
செந்தூல் அண்ணன் சொல்றது சரி. போறதுன்னு முடிவானா வரிசை முக்கியம். முதல்ல மைக்ரோசிப் (15 இலக்கம்), பிறகுதான் ரேபிஸ் ஊசி, அப்புறம் 21 நாள் காத்திருப்பு. ஊசி முந்திட்டா அது இந்தப் பூனைக்குப் போட்டதுன்னு நிரூபிக்க முடியாது, மறுபடி போடச் சொல்வாங்க. வருஷா வருஷம் போடுற பூனைக் காய்ச்சல் ஊசியில் ரேபிஸ் சேராது, தனியா கேட்டு வாங்கணும்.

அடுத்து கால்நடைத் துறையின் உடல்நலச் சான்று, மக்கிஸ் (தனிமைப்படுத்தல், ஆய்வுச் சேவைத் துறை) தர்ற ஏற்றுமதி பெர்மிட். தாய்லாந்துப் பக்கம் ர.1/1 விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பணும், எல்லையில் ர.7 (இறக்குமதி அனுமதி) கிடைக்கும். அங்கிருந்து கிளம்பும்போது ர.9 (ஏற்றுமதி அனுமதி). எல்லாத்திலும் சிப் எண் ஒண்ணா இருக்கணும். ஒரு இலக்கம் பிசகினாலும் அங்கேயே நிக்க வேண்டியதுதான். கிளம்பும் முன் கிளினிக்கில் சிப் ரீடர் வச்சு வாசிச்சு, ஒவ்வொரு தாளோடும் ஒப்பிடுங்க.

கூலிம்:
கே.எல்.காரங்க மறக்கிறது ஒண்ணு: எல்லை இருக்கிற கெடா மாநிலத்தில் அரசு வார விடுமுறை வெள்ளி, சனி. தாய்லாந்துப் பக்கம் சனி, ஞாயிறு. காகித வேலை பாக்கி இருந்தா திங்கள் முதல் வியாழனுக்குள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேருங்க. தாய்லாந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி, அதையும் கணக்கில் வைங்க.

பிறை:
காடி விஷயத்துக்கு வர்றேன். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி, மேல் பக்கமும் திறக்கிறதா வாங்குங்க. முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில் வச்சா பிரேக் போட்டாலும் நகராது. பின்சீட்டில் இளவரசி மாதிரி உட்கார வைக்கிறதெல்லாம் போட்டோவுக்குத்தான். அடியில் சிறுநீர் உறிஞ்சும் விரிப்பு, மாத்த இன்னும் ரெண்டு மூணு. கிளம்ப 4 மணி நேரம் முன்னாடியே தீனியை நிறுத்துங்க, தண்ணியை நிறுத்தாதீங்க.

வாந்தி எடுக்கிற பூனைக்கு மரோபிட்டன்ட், மிரள்றதுக்கு கபாபென்டின். ரெண்டும் டாக்டர் எடை பார்த்துத் தரணும். கபாபென்டினை முன்னாடி ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்க, சில பூனை காலே நிக்காம தள்ளாடும்.

ஆர் அண்ட் ஆர்ல (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) ஏர்கோனை அணைச்சுட்டு சாப்பிடப் போகாதீங்க, மாறி மாறிப் போங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு தாங்கலைன்னு இருக்கலாம். உடனே குளிர்ச்சியான இடம், ஈரத் துணி, பக்கத்துக் கிளினிக். ஜன்னல் மூடியிருந்தா மட்டும் மண்தட்டை (பூனை கழிக்கிற தட்டு) வச்சுப் பெட்டியைத் திறங்க. எட்டு மணி நேரம் சிறுநீர் போகாம அடக்கிக்கிற பூனை நிறைய, பயப்பட வேண்டாம். ஆண் பூனை ஒரு நாள் முழுக்கப் போகலைன்னா அது அவசர கேஸ்.

கூலிம்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன் க்கா. சோதனைச் சாவடியில்தான் பூனை ஓடும். சிப் ரீடர் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியிலிருந்தே படிச்சிடும். திறக்கச் சொன்னா அறைக்குள் போய், கதவைச் சாத்தி, அதுக்கப்புறம். ஹார்னஸை (உடம்பில் மாட்டுற வார்ப்பட்டை) வீட்டிலேயே மாட்டிடுங்க.

செந்தூல்:
சிங்கப்பூர் போய் வந்தாலும் இதே கதையான்னு கேட்டவருக்கு: அது 1953இலிருந்து ரேபிஸ் இல்லாத நாடு, தனிமைக் கூண்டு வேண்டாத நாடுகள்னு மலேசியா வச்சிருக்கிற பட்டியலிலும் இருக்கு. காகிதம் சரியா இருந்தா திரும்பும்போது தனிமைக் கூண்டு கிடையாது. அங்கிருந்து வரவும் இறக்குமதி பெர்மிட் வேணும்.