‘ரிட்டயர்டு நம்பர்’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களே, சிறுவர்களுக்கான விளையாட்டு நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பேஸ்பால் அத்தியாயம் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. ‘ரிட்டயர்டு நம்பர்’ என்ற இடத்தில் மூன்று நாளாக வண்டி நகரவில்லை. பெரிய வீரர் ஒருவர் போட்ட சட்டை எண்ணை இனி அந்த அணியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுப்பார்களே, அதுதான். மேஜர் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடர்) இந்த மரியாதையை முதலில் பெற்றவர் நியூயார்க் யாங்கீஸின் லூ கெரிக், எண் 4. இப்போதைக்கு ‘ஓய்வெண்’ என்று போட்டிருக்கிறேன். அட்டவணைத் தலைப்பிலும் வரவேண்டும், கட்டம் சிறியது. சரிதானா?

தஞ்சாவூர்:

புணர்ச்சியில் குறையில்லை. ‘ஓய்வு’ குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரம். ஆனாலும் ‘முற்றும் அற்று ஒரோவழி’ (சில இடங்களில் முற்றியலுகரமும் அப்படியே கெடும்) என்று நன்னூல் வழிவிடுகிறது. குறை பொருளில்தான். ஓய்வு பெற்றவரின் எண் என்றுதானே பிள்ளைகள் படிப்பார்கள்? ஓய்வு ஆளுக்கா, எண்ணுக்கா?

நியூஜெர்சி:

ஐயா கேட்டது சரியான கேள்வி. ஹெரால்டு பெயின்ஸ் என்று ஒருவர். 1989-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டு வேறு ஆட்களை வாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து டெக்சஸ் அணி சிகாகோவுக்கு ஆட வந்தது. எதிரணிச் சட்டையோடு நின்ற மனிதரைக் கூப்பிட்டு, அவர் போட்ட 3-க்கு விழா எடுத்தார்கள்! அவர் 2001 வரை ஆடினார். நடுவில் 1996-இல் சிகாகோவுக்கே திரும்பியபோது, பூட்டி வைத்த 3-ஐ எடுத்து அவருக்கே கொடுத்தார்கள். எண்ணுக்கு ஓய்வு, ஆளுக்கு வேலை.

கோயம்புத்தூர்:

முதலில் ‘பேஸ்பால்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். அடிபந்தாட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. இதற்கு ‘ஒதுக்கெண்’ போதும். சுருக்கம், தூய தமிழ்.

நியூஜெர்சி:

அண்ணா, கிரிக்கெட்டிலும் பந்தை அடிக்கத்தான் செய்கிறார்கள்.

திருநெல்வேலி:

நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. வீடு ஒதுக்கினார்கள், சின்னம் ஒதுக்கினார்கள் என்றால் ஒருவருக்குக் கொடுத்தார்கள் என்று பொருள். ‘ஒதுக்கெண்’ என்றால் ‘யாருக்கு ஒதுக்கிய எண், டீச்சர்?’ என்றுதான் கேட்பார்கள். யாருக்கும் கொடுக்காததற்கு இந்தப் பெயரா?

தஞ்சாவூர்:

இன்னும் ஆழமாகப் போகலாம். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படியாகச் சொல்கிறது. அகநானூற்றில் ‘பெயரும் பீடும் எழுதி’ என்று வரும். யாங்கீஸ் செய்வதும் அதுதான். பீடு என்றால் பெருமை. ஆகவே பீடு + எண். பீட்டை உடைய எண் என்று வேற்றுமைத்தொகையாக விரிப்பதால் டகரம் இரட்டித்துப் ‘பீட்டெண்’. ‘பீடெண்’ என எழுதினால் பிழை.

திருநெல்வேலி:

ஐயா மன்னிக்கணும். ‘பீ’ என்று தொடங்கும் புதுச்சொல்லை ஏழாம் வகுப்பில் ஒருமுறை வந்து நடத்திப் பாருங்கள். அப்புறம் அந்தப் பாடவேளை முழுக்கச் சிரிப்பை அடக்குவதுதான் வேலை.

நியூஜெர்சி:

கெரிக்குக்கு விழா எடுத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார் (1939 ஜூலை 4, நோய் தெரிந்து சில வாரங்களில்). நடுகல் சரிப்படாது. பெயரும் இடிக்கிறது. யாங்கீஸ் சட்டையில் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். 1929-இல் மட்டை பிடிக்கும் வரிசைப்படி எண் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்த பேப் ரூத் 3, அடுத்து வந்த கெரிக் 4. 2017-இல் டெரெக் ஜீட்டரின் 2-ம் போனபிறகு, அந்த அணியில் 1 முதல் 9 வரை ஒன்றுகூட மிச்சமில்லை. இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகள் மூன்றிலக்கம் போட்டுக்கொண்டு ஆடவேண்டியதுதான்.

கிளீவ்லாந்து அணி இன்னும் ஒருபடி மேல். 1995 முதல் 2001 வரை தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு அரங்கம் நிறைந்தது என்று, ரசிகர்களுக்காக 455-ஐ எடுத்து வைத்துவிட்டார்கள். எந்த வீரரும் அதைப் போட்டதே இல்லை. இதற்கு எந்தக் கல்லில் யார் பெயரை எழுதுவது?

கோயம்புத்தூர்:

அப்படியானால் ‘காப்பெண்’.

திருநெல்வேலி:

‘காப்பு + பெண்’ணா என்று கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை வியாழன். தனிமடலில் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ‘ஓய்வு தந்த எண்’ பக்கம் ஆள் அதிகம். சொல் அல்ல, சொற்றொடர்; ஆனால் புரிகிறது. தலைப்புக் கட்டத்தில் மூன்று வரியாக மடிந்து நிற்கிறது, பரவாயில்லை.

மேஜர் லீகில் நிறத் தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் 42-தான் இன்னும் இடிக்கிறது. 1997-இல் எல்லா அணிகளிலும் சேர்த்து ஓய்வு தந்தார்கள். ஆனால் ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் தொடரலாம் என்று விட்டதால் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 2013 வரை அதையே போட்டு ஆடினார். அதை விளக்கச் சொல் தேடவில்லை, அடிக்குறிப்பு போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூர்:

‘ஓய்வு தந்த எண்’ என்றால் எண் யாருக்கோ ஓய்வு தந்தது என்றும் ஆகுமே! சோறு தந்த கை என்பது போல. பெயரெச்சத்தில் எழுவாய் மயக்கம். அச்சகத்துக்குப் போய்விட்டதா?

மொழிபெயர்ப்பாளர்:

போய்விட்டது ஐயா.