பொறுப்பைக் கைமாற்றியவர்கள் வழி சொல்லுங்கள்

மண்ணையும் மனிதர்களையும் சேர்த்தே மீட்கும் கல்விக்காக ஆறு பேர் நான்கு வருடமாக ஒரு சிறு தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். இரண்டு பேர் களைத்துப்போய் விலகுகிறார்கள். கணக்கு, பெற்றோருடன் பேசுவது எல்லாம் அவர்கள் தலையில்தான்.

வேலைகளை எழுதிவைத்தோம், யாரும் திறந்து பார்க்கவில்லை. சுழற்சி முறை வைத்தோம், மூன்றே மாதத்தில் எல்லாம் அவர்களிடமே திரும்பிவிட்டது. 1926இல் நெதர்லாந்தில் கீஸ் பூக்கே என்ற கல்வியாளர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாராவாரம் கூடி, எல்லோரும் ஏற்கும் முடிவையே எடுத்தார்கள். அதையும் செய்கிறோம். முடிவு நன்றாக வருகிறது, செய்யத்தான் ஆளில்லை. நேற்று உரக்குவியலைப் புரட்டப் பிள்ளைகள் காத்து நின்றார்கள். மண்வெட்டி இருக்கும் அறையின் சாவி யாரிடம் என்று எங்களுக்கே தெரியவில்லை. மனசு தாங்கவில்லை.

அந்த இருவரும் விலக இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இந்த நிலையைக் கடந்தவர்கள் எந்தப் பொறுப்பை முதலில் கைமாற்றினீர்கள்?