நாட்டோகைனேஸ் குளிசையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கனகராயன்: கனடாவில் இருக்கும் அக்கா அப்பாவுக்கு நாட்டோகைனேஸ் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறா. இரத்தக்கட்டியைக் கரைக்குமாம். ஒரு குளிசை 2000 அலகு. அப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைத்த நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறது. கிளிநொச்சி கிளினிக்கில் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் தருகிறார்கள். இதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பாலைமரம்: தாராளமாக. ஜப்பான்காரர் சோற்றோடு சாப்பிடும் நாட்டோ என்ற புளித்த சோயாவில் இருந்து எடுத்த நொதியம் இது. ஹிரோயுகி சூமி 1987இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. ஆய்வுகூடத் தட்டில் கட்டி கரைந்ததைப் பார்த்துத்தான் அந்த மனுசன் எழுதினார். நானும் எடுக்கிறேன்.

முறிகண்டிக்கச்சான்: தட்டில் கரையலாம். மாரடைப்புக்குக் கொடுக்கும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏன் நாளத்தில் ஏற்றுகிறார்கள்? வாயால் போகும் புரதத்தைக் குடல் சும்மா விடாது. அமெரிக்காவில் 265 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இதே 2000 அலகும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிசையும் 3 வருடமளவில் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது: கழுத்து நாடிச் சுவர் தடிப்பதில் வித்தியாசமே இல்லை. பிரஷரிலும் இல்லை.

பாலைமரம்: அந்த அளவு காணாது. 2022இல் வந்த சீன ஆய்வில் 1062 பேர், நாளுக்கு 10,800 அலகு. நாடிச் சுவரில் படியும் கொழுப்புப் படிவு குறைந்தது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

முறிகண்டிக்கச்சான்: மறைக்கவில்லை அண்ணை. அதில் போலிக் குளிசைக் குழு இல்லை. 3600 அலகில் பலன் இல்லை என்று அதே ஆய்வுதான் சொல்கிறது. அப்ப அக்காவின் போத்தலில் நாளுக்கு ஐந்து குளிசைக்கு மேல் விழுங்கவேண்டும்!

பாலைமரம்: சோயாவில் மருந்துக் கம்பனிக்கு லாபமில்லை, அதனால்தான் பெரிய ஆய்வு வருவதில்லை.

முறிகண்டிக்கச்சான்: போத்தலில் அடைத்து விற்பவர்கள் தர்மத்துக்கா விற்கிறார்கள்?

வவுனியாத்தாதி: சண்டையை விடுங்கள், தம்பி கேட்டது அப்பாவைப் பற்றி. இரத்தம் உறையாமல் இருக்க அவர் ஏற்கனவே இரண்டு மருந்து எடுக்கிறார். மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். அஸ்பிரினோடு இதை எடுத்த ஒருவருக்கு மூளையில் கசிந்ததாக மருத்துவப் பதிவே இருக்கிறது. இன்னொன்று, இது வந்துவிட்டதே என்று குளோபிடோகிரலை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். கிளினிக் கொப்பியோடு போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள், அதுவரை திறக்கவேண்டாம்.

கனகராயன்: சரி, அப்படியே செய்கிறேன். அக்காவுக்குத்தான் யார் சொல்வது என்று தெரியவில்லை.

பாலைமரம்: எனக்கு ஸ்டென்ட் இல்லை. நான் நிறுத்தப்போவதில்லை.

முறிகண்டிக்கச்சான்: உங்கள் விருப்பம் அண்ணை. பல்லுப் பிடுங்கப் போனால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.