சுண்ணாம்புப் பாறை மேல் ஆழமில்லாத மக் மண்: டானியாவா, லாடர்ஹில்லா? கந்தகம் போடலாமா?

கரும்புவரப்பு:
வணக்கம். ஃப்ளோரிடாவில் ஒகீச்சோபி ஏரிக்குத் தெற்கே, எவர்கிளேட்ஸ் விவசாயப் பகுதியில் 40 ஏக்கர் கரும்பு வயல். மேலே கறுப்பு மக் மண் (செடிகொடி மக்கி உருவான கரிம மண்), அடியில் சுண்ணாம்புப் பாறை. பழைய மண் வரைபடம் முழு வயலையும் லாடர்ஹில் என்ற மண் வகையாகக் காட்டுகிறது. கம்பி குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் 34 செ.மீ. ஆழத்தில் பாறை தட்டுகிறது, பத்தடி தள்ளி 61 செ.மீ. சில இடங்களில் பாறைக்கு மேல் வெளுத்த களி போல ஓர் அடுக்கு இருக்கிறது.

மேல் 15 செ.மீ. மண்ணை ஒரே பையிலிருந்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியதில், உலையில் எரித்த எடையிழப்பு ஒன்றில் 71%, மற்றதில் 77%. பிஎச் 7.8. இளம் இலைகளில் நரம்புகளுக்கு இடையே வெளிர்க் கோடுகள்.

மூன்று கேள்விகள். இதை எந்த வகையில் சேர்ப்பது? எந்த ஆய்வகத்தை நம்புவது? ஏக்கருக்கு 500 பவுண்டு கந்தகம் வயல் முழுக்க வீசினால் பிஎச் இறங்குமா?

மண்கம்பி:
முதல் கேள்விக்கு நான். அந்தப் பகுதியில் பிரிப்பது பாறைக்கு மேலுள்ள ஆழத்தை வைத்துத்தான். 20 அங்குலத்துக்குக் கீழ், அதாவது 51 செ.மீ.க்குள் என்றால் டானியா. 20 முதல் 36 அங்குலம் வரை லாடர்ஹில், 36 முதல் 51 அங்குலம் வரை பஹோக்கி, அதற்கு மேல் டெரா சீயா. உங்கள் வயல் டானியாவும் லாடர்ஹில்லும் கலந்தது. வரைபடம் வரைந்தபோது அது சரியாகவே இருந்திருக்கும். அதற்குப் பிறகு மண் மக்கித் தேய்ந்துவிட்டது. பெல் கிளேட் ஆராய்ச்சி நிலையத்தில் 1924-இல் 9 அடிக் கான்கிரீட் கம்பத்தைப் பாறை வரை இறக்கி, தலையைத் தரைமட்டத்தில் நிறுத்தினார்கள். இன்று ஏறக்குறைய 6 அடி வெளியே நிற்கிறது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு சுமார் 1.4 செ.மீ. என்று வைத்தாலும் 40 ஆண்டில் 56 செ.மீ. போய்விடும். பழைய வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அளக்கும் முறைதான் முக்கியம். 10 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி, 1.5 மீட்டர் நீளம், மேலே குறுக்குப் பிடி, 5 செ.மீ.க்கு ஒரு கோடு. செங்குத்தாக இறக்குங்கள். கெட்டிப் பாறை தட்டினால் "டங்" என்று கையில் அதிரும். சாகிராஸ் (கோரை வகைச் செடி) வேர் என்றால் கம்பி துள்ளும், கொஞ்சம் அழுத்தினால் இறங்கிவிடும். வெளுத்த களியில் கம்பி மெதுவாக, ஒட்டிக்கொண்டு இறங்கும். வெளியே எடுத்தால் நுனியில் சாம்பல் வெள்ளைப் பசை இருக்கும். திடீரென 20 செ.மீ. சரிந்தால் அது பாறையில் நீர் அரித்த குழி. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் ஐந்து முறை குத்தி நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே குழி கணக்கைக் கெடுத்துவிடும். 50 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் உங்கள் 16 ஹெக்டேருக்கு 64 புள்ளிகள். கூடவே தரைமட்ட உயரத்தையும் பதியுங்கள். லேசர் வைத்துச் சமன் செய்த வயலில் தரை தட்டையாக இருக்கும், ஏற்ற இறக்கமெல்லாம் பாறையில்தான். பாறை மேடு எங்கே என்று ஒரு தடவை வரைந்து வைத்தால் அது பல ஆண்டுகளுக்குப் பயன்படும், ஏனென்றால் பாறை நகராது.

வெள்ளை அடுக்கு மார்ல், அதாவது சுண்ணாம்புக் களி. அதில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். வகைப்பாட்டில் அதற்கு வேலை உண்டு. பாறை மேல் நேரடியாக உட்கார்ந்த கரிம மண்ணுக்கு 40 செ.மீ. இருக்க வேண்டும் என்ற விதி பொருந்தாது. மொத்த ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரிமப் பொருளாகவும், மார்ல் போன்ற கனிம அடுக்கு மொத்தம் 10 செ.மீ.க்குள்ளும் இருந்தால் ஹிஸ்டோசால், அதாவது முறையான கரிம மண். 32 செ.மீ. மக், 8 செ.மீ. மார்ல் என்றால் ஹிஸ்டோசால்தான். 30 செ.மீ. மக், 14 செ.மீ. மார்ல் என்றால் ஹிஸ்டோசால் இல்லை. ஆனால் ஹிஸ்டிக் (ஈரமான கரிம) மேலடுக்குக்குத் தேவையான 20 செ.மீ. இருப்பதால் ஈரநில மண் என்ற தகுதி பெரும்பாலும் போகாது. ஆக மார்லைத் தனியாக அளந்து எழுதுங்கள், "பாறை வரை" என்று ஒரே எண்ணாகப் போட்டுவிடாதீர்கள்.

மண் மாதிரி எடுக்கும் ரஷ்யப் பீட் கோர் கருவி இங்கே ஏமாற்றும். அதன் முனை கெட்டியான கூம்பு. பாறையில் இடித்து நின்றதும் கடைசி சில சென்டிமீட்டர் மாதிரியில் வராது, மார்ல் இருப்பதோ அங்கேதான். மண்வெட்டியால் சின்னக் குழி வெட்டி, தண்ணீரை இறைத்துவிட்டுக் கத்தியால் ஒரு பக்கத்தைச் சீவிப் பாருங்கள்.

உலைச்சூடு:
இரண்டாவது கேள்வி. இரண்டு ஆய்வகமும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை, உலையின் வெப்பம் வேறாக இருந்திருக்கலாம். 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்தால் போவது கரிமப் பொருள். அதைத் தாண்டி 700, 800 என்று போனால் சுண்ணாம்பும் உடைந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 44% அப்படிப் போகக்கூடியது. 77-இல் 71 கழித்தால் 6. இதை 2.27-ஆல் பெருக்கினால் சுமார் 13.6% கார்பனேட். மண் பிஎச் 7.8 என்பதோடு இது பொருந்துகிறது.

உறுதி செய்ய, ஒரே ஆய்வகத்தில் ஒரே மாதிரியை முதலில் 550-இல் எரித்து எடைபோட்டு, அதையே 950-இல் இரண்டு மணி நேரம் மறுபடி எரிக்கச் சொல்லுங்கள். அனுப்பும் முன் 2 மி.மீ. சல்லடையில் தேய்த்து, நத்தை ஓட்டையும் பாறைத் துணுக்கையும் எடுத்துவிட்டு, அவற்றைத் தனியாக எடைபோட்டு எழுதி வையுங்கள். ஒரே ஒரு ஓட்டுத் துண்டு ஐந்து கிராம் மாதிரியின் எண்ணையே மாற்றிவிடும்.

கரிமப் பொருளைக் கார்பனாக மாற்ற 1.724-ஆல் வகுக்கும் பழக்கம் கனிம மண்ணிலிருந்து வந்தது. இந்த மண்ணுக்கு 2-ஆல் வகுப்பதே பொருத்தம். 71% என்றால் கார்பன் 35 ஆகிறது; கரிம மண்ணுக்கான எல்லை களியின் அளவைப் பொறுத்து 12 முதல் 18. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மாதிரி எடுத்த இடம் எது? வாய்க்காலும் சாலையும் வெட்டியபோது கிளறிய சுண்ணாம்புக் கல் ஓரத்தில் கிடக்கும். ஓரத்திலிருந்து பத்து மீட்டராவது உள்ளே போய் எடுங்கள்.

நீர்மட்டம்:
கந்தகத்தை வயல் முழுக்க வீச வேண்டாம். கணக்கைப் பாருங்க. ஒரு ஹெக்டேர், 15 செ.மீ. ஆழம், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.35 கிராம் என்றால் 525 டன் மண். அதில் 13.6% கார்பனேட் என்றால் சுமார் 71 டன். ஒரு டன் கார்பனேட்டைக் கரைக்க 0.32 டன் கந்தகம் வேணும், ஆக ஹெக்டேருக்கு சுமார் 23 டன். நீங்க சொல்ற 500 பவுண்டு, ஹெக்டேருக்கு 560 கிலோதான். அது கரைப்பது 1.75 டன் சுண்ணாம்பு. பிஎச் சில வாரம் கொஞ்சம் அசைந்துவிட்டுத் திரும்பிவிடும். மேலும் கந்தகத்திலிருந்து வரும் சல்பேட் வடிகால் வழியே எவர்கிளேட்ஸ் சதுப்புக்குள் போனால், அங்கே சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா பாதரசத்தை மீத்தைல் பாதரசம் என்ற நச்சாக மாற்றுது. அது மீனில் சேருது. இது லேசான விஷயம் இல்லை. போட்டே ஆகணும் என்றால் நடவுச் சாலில் மட்டும் பட்டையாகப் போடுங்க.

வெளிர்க் கோடு எது என்று முதலில் பாருங்க. இலை நுனியிலிருந்து நடு வரை மட்டும் கோடு, அடிப்பாகம் பச்சை என்றால் மாங்கனீசு குறைவு. நுனியிலிருந்து அடி வரை முழு நீளமும் ஓடினால் இரும்பு. மாங்கனீசு என்றால் 0.5% மாங்கனீசு சல்பேட் கரைசலை இலையில் தெளிங்க. மண்ணில் வீசினால் இந்த பிஎச்-இல் ஆக்சைடாகி முடங்கிவிடும்.

சுண்ணாம்பு மேலே வருவதற்கு முக்கியக் காரணம் உழவு. டிஸ்க் கலப்பையைப் பாறைக்கு மேல் 15 செ.மீ. விட்டு நிறுத்துங்க. 34 செ.மீ. உள்ள இடத்தில் 19-க்கு மேல் இறக்கக்கூடாது. லேசர் சமன் செய்யும்போதும் மேட்டுப் பாறை மேலிருக்கும் மண்ணைச் சுரண்டி வேறிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

கரும்புவரப்பு:
மிக்க நன்றி. கோடு இலை நடுவோடு நிற்கிறது, ஆக மாங்கனீசு. ஒரு சந்தேகம்: 34 செ.மீ. உள்ள மூலையில் நீர்மட்டத்தை ஏற்றி வைத்தால் தேய்மானம் குறையுமா?

நீர்மட்டம்:
குறையும். மண்ணைத் தின்பது காற்றுள்ள பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள். நீர் மேலே வந்தால் அவற்றுக்குக் காற்று கிடைக்காது. ஆனால் அந்த மூலையை மட்டும் தனியாக ஏற்ற முடியாமல் போகலாம். பாறை துளைகள் நிறைந்தது, தண்ணீர் அதன் வழியே பக்கத்து வயலுக்கு ஓடும். முதலில் வயலுக்குள் இரண்டு மூன்று துளையிட்ட குழாய் இறக்கி, வாய்க்கால் மட்டத்தோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்க. வாய்க்காலை ஏற்றியதும் குழாயில் சில மணி நேரத்தில் ஏறினால், மதகை உங்கள் வயலுக்கு மட்டும் என்று நினைத்து இயக்க முடியாது, பக்கத்து வயல்காரரோடு பேசித்தான் ஆகணும். கரும்பு வெட்டு முடிந்த கோடையில் தரிசாக விடுவதற்குப் பதில் நீர் தேக்கியோ நெல் போட்டோ வைக்கலாம். தேய்மானமும் நிற்கும், மண்ணிலிருந்து கரும்பைத் தாக்கும் கம்பிப்புழுவும் குறையும். வடிக்கும்போது மட்டும் மெதுவாக வடிங்க. தேங்கிய நீரில் பாஸ்பரஸ் கரைந்திருக்கும், வேகமாக இறைத்தால் வண்டலும் சேர்ந்து போகும்.