9 வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்குப் பெற்றோரே கோச்: 60 நிமிஷ பிராக்டிஸை எப்படி நடத்துவது?

நிலா அப்பா:
வணக்கம். மகள் ஆடும் 9 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இந்த சீசன் நான்தான் கோச். 10 பிள்ளைகள். வாரம் இரண்டு நாள், தலா 60 நிமிடம் பிராக்டிஸ். வார இறுதியில் அணிக்கு 7 பேர் ஆடும் மேட்ச், 20 + 20 நிமிடம். கையில் இருப்பது 6 பந்து, ஒரு கட்டு கோன், ஒரு விசில்.

மூன்று இடத்தில் சிக்கல். வரிசையில் நிறுத்தி ஷூட்டிங் கொடுத்தால் பின்னால் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் தள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். மேட்சில் எல்லோரும் ஈ மொய்ப்பது போல் பந்தையே சுற்றுகிறார்கள். ஆள் மாற்றும்போது "என் பிள்ளை ஏன் வெளியே?" என்ற கேள்வி வருகிறது. அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சள் விசில்:
முதல்ல பந்து. 10 பிள்ளைக்கு 10 பந்து வேணும், இதுல சமரசமே கூடாது. ஆளுக்கு ஒண்ணு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்க. 8 வயசு வரைக்கும் 3-ம் நம்பர் அளவுப் பந்து, அதுக்கு மேல 12 வரைக்கும் 4-ம் நம்பர்னு பொதுவா வச்சுக்கலாம். உங்க லீக் விதியையும் பார்த்துக்குங்க. பெரியவங்க ஆடுற 5-ம் நம்பர் 410 முதல் 450 கிராம் எடை. அதைக் கொடுத்தா இந்த வயசுப் பிள்ளைங்க கால் கட்டைவிரல் நுனியால குத்தத்தான் பழகுவாங்க. காத்து கல்லு மாதிரி அடிச்சிருக்கக் கூடாது. கைப் பெருவிரலால அழுத்தினா லேசா உள்ளே போகணும்.

வரிசையை மொத்தமா விட்டுடுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு வரிசையில 10 பேர், ஒருத்தர் அடிச்சுப் பந்தை எடுத்துட்டு வர 20 விநாடி. 10 நிமிஷத்துல ஆளுக்கு மூணே மூணு ஷாட். மீதி நேரம் சும்மா நிக்கிற பிள்ளை தள்ளாம வேற என்ன செய்யும்?

இப்படிப் பிரிச்சுப் பாருங்க. முதல் 12 நிமிஷம், 15 காலடிக்கு 15 காலடி சதுரம், எல்லாரும் அவங்கவங்க பந்தோட உள்ளே. "நில்லு"ன்னா பந்து மேல உள்ளங்கால். "திரும்பு"ன்னா பந்தை இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம். நீங்க நடந்துக்கிட்டே விரலைக் காட்டுங்க, எத்தனைன்னு அவங்க கத்திச் சொல்லணும். தலை தானா நிமிரும். சதுரம் பெரிசானா நேரா ஓடிட்டே இருப்பாங்க, நிமிர்ந்து பார்க்கவே வேண்டியிருக்காது. சின்னதானா மோதிக்குவாங்க. அன்னன்னைக்குப் பார்த்து ஒரு காலடி கூட்டலாம், குறைக்கலாம்.

அடுத்த 15 நிமிஷம் ஒருத்தருக்கு ஒருத்தர். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்துல பக்கத்து பக்கத்துல அஞ்சு கட்டம். பந்தை எதிராளியைத் தாண்டி எல்லைக்கோட்டுல நிறுத்தினா ஒரு புள்ளி. 40 விநாடி ஆட்டம், 40 விநாடி ஓய்வு. ஜெயிச்சவர் ஒரு கட்டம் மேலே, தோத்தவர் ஒரு கட்டம் கீழே. மூணு நாலு சுத்து முடியறதுக்குள்ள சமபலம் உள்ளவங்க எதிரெதிரே வந்துடுவாங்க. நீங்க யாரையும் தரம் பிரிக்க வேண்டாம், கட்டமே பிரிச்சுடும். ஒரு பிள்ளை கீழேயே தங்கிட்டா மட்டும் விதியை மாத்துங்க, அன்னைக்கு சீட்டுப் போட்டு ஜோடி சேருங்க.

கடைசி 25 நிமிஷம் ஆட்டம், அதைக் குறைக்கவே குறைக்காதீங்க. தண்ணி, கோன் மாத்துறது எல்லாம் மிச்ச 8 நிமிஷத்துல. விளக்கம் சொல்றது 30 விநாடியைத் தாண்டக் கூடாது. அப்போ வெயில் உங்க முகத்துல அடிக்கட்டும், அவங்க முகத்துல வேண்டாம். பக்கத்து மைதானம் அவங்க முதுகுக்குப் பின்னால இருக்கட்டும், இல்லேன்னா கண்ணு அங்கேதான் போகும்.

ஈ மொய்க்கிறதைப் பத்தி: இந்த வயசுக்கு அது இயல்பு. "பரவி நில்லுங்க"ன்னு கத்தினா பலன் இல்லை, எங்கே போறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரையும் ஒரு இடத்துல நட்டு வைக்கிறதும் தப்பு; பந்தே வராம நிக்கிற டிஃபென்டர் எதைக் கத்துக்கும்? 30-க்கு 25 மீட்டர் இடத்துல அஞ்சுக்கு அஞ்சு, கோல் கீப்பர் இல்லாம விடுங்க. ரெண்டு முனையிலும் மூலையை ஒட்டி ரெண்டு ரெண்டு கோல், கோன் இடைவெளி 2 மீட்டர். ஒரு மூலையில கூட்டம் சேர்ந்ததும் இன்னொரு கோல் ஆளில்லாம கிடக்கும். யாராவது ஒரு பிள்ளை பந்தைத் திருப்பிக்கிட்டு அங்கே ஓடும். அந்த நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தி, என்ன பார்த்தேன்னு அதையே சொல்ல வைங்க. ஒரு அணியை அடையாளம் காட்ட சட்டைக்கு மேல மாட்டுற கையில்லாத மேலாடை, அதான் பிப், ஒரே நிறத்துல அஞ்சு இருந்தா போதும், அது இல்லாம யாருக்குப் பாஸ் கொடுக்கிறதுன்னு குழம்பிடுவாங்க.

பாஸ் சொல்லித் தரும்போது ஊன்றுகாலைப் பாருங்க. பந்துக்குப் பக்கவாட்டுல ஒரு ஜாண் தள்ளி, நுனி இலக்கைப் பார்த்து இருக்கணும். ஊன்றுகால் பின்னால நின்னா பந்து எழும்பும், நுனி கோணலா இருந்தா பந்தும் கோணலாப் போகும். அடிக்கிற காலோட கணுக்கால் விறைப்பா இருக்கணும். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான், மூணு சொன்னா மூணும் போயிடும்.

கோட்டுக்கு வெளியே:
ஆள் மாற்றுவதை மேட்ச் நேரத்தில் யோசித்தால் கட்டாயம் தவறு வரும். முந்தின நாளே எழுதிவிடுங்கள்.

40 நிமிடத்தை 5 நிமிடம் வீதம் 8 கட்டமாக்குங்கள். கட்டத்துக்கு 7 பேர் என்றால் 56 இடம். 10 பேருக்குப் பகிர்ந்தால் 6 பேருக்கு 6 கட்டம், அதாவது 30 நிமிடம். 4 பேருக்கு 5 கட்டம், 25 நிமிடம். அடுத்த மேட்சில் குறைவாக ஆடும் நால்வர் வேறு நால்வர். இப்படியே சுற்றினால் 5 மேட்சுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியாக இரண்டு முறைதான் 25 நிமிடம் விழும். எந்தப் பிள்ளையும் அடுத்தடுத்த இரு கட்டம் வெளியே இருக்கக் கூடாது.

கோல் கீப்பரை இடைவேளையில் மட்டும் மாற்றுங்கள், ஒரு பாதிக்கு ஒருவர். கீப்பராக நின்ற பிள்ளைக்கு மற்ற பாதியில் 2 கட்டமாவது களத்தில் ஆட்டம் கொடுங்கள். இந்த வயதில் யாரையும் நிரந்தரக் கீப்பராக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அட்டவணையை மேட்சுக்கு முன்பே பெற்றோர் குழுவில் போட்டுவிடுங்கள். கேள்வி பாதிக்கு மேல் அங்கேயே அடங்கிவிடும். ஸ்கோர் நெருக்கமாக இருக்கிறது என்று கடைசி 5 நிமிடத்தில் அதை மீறினால், அதன் பிறகு யாரும் உங்கள் தாளை நம்பமாட்டார்கள்.

ஐஸ்பை:
பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட் இருந்தால் முதல் வேலையாகப் பின்சட்டத்தில் மணல்மூட்டையோ ஆணியோ போட்டு உறுதியாக்குங்கள். மேல்சட்டத்தில் தொங்கும்போது அது முன்பக்கமாகக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-லேயே 10 வயது வரை அதை நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்திலும் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தலையில் அடிபட்டு, பிள்ளை மந்தமாக இருந்தாலோ, தலைசுற்றல், தலைவலி என்றாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "இப்ப சரியாயிடுச்சு கோச்" என்று அழுதாலும் இறக்கக் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகுதான் திரும்ப வரலாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, கை கால் பலவீனம், வலிப்பு, மயக்கம் இவற்றில் எது தென்பட்டாலும் உடனே ஆம்புலன்ஸ். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்வது பழைய தவறு, ரத்தம் தொண்டைக்குள் போகும்.

குதிகால் வலிக்கிறது என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். 8 முதல் 14 வயதுக்குள் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் வலி வருவது சகஜம், ஓட்டத்தைக் குறைத்தால்தான் ஆறும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மைதானத்தின் ஓரத்தில் உங்கள் பையில் இருக்க வேண்டும், அவர்கள் வந்த வண்டியில் அல்ல. தண்ணீர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

நிலா அப்பா:
மிக்க நன்றி. பந்துக்கும் பிப்புக்கும் இன்றே சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். சொந்த மகளை எப்படி நடத்துவது? அட்டவணை போட்டபின் ஒருவர் வராவிட்டால்?

தென்றல் அம்மா:
மகளுக்குச் சலுகை காட்டுறதை விட, காட்டிடக் கூடாதேன்னு அதிகமா கடிஞ்சுக்கிற அப்பா அம்மாதான் நிறைய. அவளுக்கான திருத்தங்களைக் கூட நிக்கிற இன்னொரு பெற்றோர் சொல்லட்டும். செஞ்சு காட்ட முன்னால கூப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் அவளையே கூப்பிடாதீங்க. மைதானத்துலயும் "அப்பா"ன்னே கூப்பிடட்டும், "கோச்"னு கூப்பிடச் சொன்னா குழந்தை மனசு ஒட்டாது. வீட்டுக்குத் திரும்புற வழியில மேட்ச் பேச்சை நீங்க எடுக்காதீங்க, அவ எடுத்தா மட்டும் கேளுங்க.

மத்த பெற்றோரை எதிர்ப்பக்கக் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால நிக்கச் சொல்லுங்க. கை தட்டலாம், பேர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். "அடி, அடி!"ன்னு கத்தினா, பந்தைக் காலால தட்டிக்கிட்டே ஓட (டிரிப்ளிங்) போன பிள்ளை பயந்து பந்தைத் தூக்கி அடிச்சுடும்.

கோட்டுக்கு வெளியே:
9 பேர் வந்தால் 2 பேருக்கு 7 கட்டம், 7 பேருக்கு 6 கட்டம். 8 பேர் வந்தால் எல்லோருக்கும் 7 கட்டம், 35 நிமிடம், மிச்சமே இல்லை. மூன்று அட்டவணையையும் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் வந்தவர்களைப் பார்த்துப் பெயரை நிரப்பினால் போதும். பேனா வேண்டாம், பென்சில். மழைத்துளி விழுந்தாலும் எழுத்து அழியாது.