7 டன் எடையோடு நீண்ட இறக்கம்: பழைய டீசல் பிக்கப்புக்கு எந்த எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கலாம்?

இழுவைக்காரன்:

வணக்கம். ஒரு பொருள் வாங்குவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500 பிக்கப். 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், 12 வால்வு, ஆட்டோமேட்டிக் கியர். ட்ரெய்லர் மாட்டிச் சரக்கும் ஏற்றினால் எல்லாம் சேர்த்து 7 டன் வரும். ட்ரெய்லருக்கு மின்சார பிரேக் இருக்கிறது, ஒழுங்காகவும் பிடிக்கிறது.

போன மாதம் 11 கிலோமீட்டர் இறக்கம் ஒன்றில் இறங்கினேன். சரிவு 6 சதவீதம். பாதி தூரம் வருவதற்குள் கருகிய வாடை அடித்தது. அப்புறம் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போக ஆரம்பித்தது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். வண்டியில் மனைவியும் மகளும் இருந்தார்கள். அந்தப் பாதையில் மாதம் 2 முறை போயே ஆக வேண்டும்.

புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். ஓட்டை போட்ட தட்டு உள்ள சாதாரண வகை ஒன்று, அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை ஒன்று. வேக்குவமில் இயங்குவது, காற்றில் இயங்குவது என்று வேறு பிரிக்கிறார்கள். விற்பவர் ஒருவர், "எல்லா வண்டிக்கும் பொருந்தும், 2 மணி நேர வேலை" என்கிறார். எதை வாங்கலாம்?

பழைய டீசல்:

தம்பி, முதலில் குடும்பத்தோடு பத்திரமாக இறங்கியதற்குச் சந்தோஷம்.

எதை வாங்கலாம் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இறக்கத்தில் எவ்வளவு சக்தியைக் கரைக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். 7 டன் வண்டி, 6 சதவீதச் சரிவு, 60 கிலோமீட்டர் வேகம் என்றால் புவியீர்ப்பு உங்களைத் தள்ளும் சக்தி சுமார் 69 கிலோவாட். டயர் உராய்வும் காற்று எதிர்ப்பும் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி 46 கிலோவாட் உங்கள் தலையில். 1 கிலோவாட் ஹீட்டர் 46-ஐ பிரேக் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் பக்கத்தில் வைத்து 11 நிமிடம் எரியவிட்டது போலத்தான் அன்றைக்கு நடந்திருக்கிறது.

பெடல் பஞ்சுபோல் போனது என்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறி வழுக்கிவிட்டது என்று அர்த்தம். பெடல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவி உண்டாகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும்; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எக்ஸாஸ்ட் பிரேக் வருவதற்கு முன்பே அதை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

கரிக்கை:

நான் மெக்கானிக். விற்பவர் சொன்ன "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்பதை அப்படியே விட்டுவிடுங்கள் அண்ணா. உங்கள் எஞ்சினில் 2 விஷயம் முடிவான பிறகுதான் பிரேக் எது என்ற பேச்சே.

முதல் விஷயம், எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங். எக்ஸாஸ்ட் பிரேக் என்ன செய்கிறது? டர்போவுக்குப் பின்னால் ஒரு தட்டை மூடி, புகை வெளியே போகும் வழியை அடைக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது அந்த அடைபட்ட அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் எஞ்சின் திணறுகிறது, சக்கரம் மெதுவாகிறது. ஆனால் அதே அழுத்தம், மூடியிருக்க வேண்டிய பக்கத்து சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளையும் பின்னாலிருந்து தள்ளும். காற்று உள்ளே இழுக்கும் நேரத்தில் அந்த சிலிண்டருக்குள் அழுத்தமே இருக்காது. வால்வைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் மட்டும்தான். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு தூக்கும், திரும்ப சீட்டில் போய் அறையும். நாளாக ஆக சீட் தேயும், ராக்கர் அடி வாங்கும், மோசமான நிலையில் வால்வு பிஸ்டனைத் தொடும்.

உங்கள் 12 வால்வு எஞ்சினில் முழு பலத்துக்கு, அதாவது 60 பி.எஸ்.ஐ (அழுத்த அளவு) வரை பின்னழுத்தம் வைக்க வேண்டும் என்றால் எக்ஸாஸ்ட் பக்க ஸ்பிரிங் 6-ஐயும் மாற்றியே ஆக வேண்டும். "60 பவுண்ட் ஸ்பிரிங்" என்று கேட்டால் கிடைக்கும். ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டால் வால்வு உள்ளே விழாது. அப்படியே ஒவ்வொன்றாக மாற்றலாம். பொறுமையான வேலை. 2 மணி நேரத்தில் முடியாது.

இரண்டாவது, உங்கள் ஆட்டோமேட்டிக் கியர். அந்த ஆண்டு வண்டியில் வருவது 47ஆர்இ. எஞ்சினையும் கியர் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைப்பது டார்க் கன்வர்ட்டர்; அவற்றை நேரடியாகப் பிணைப்பது அதன் லாக். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் அந்த லாக் விட்டுவிடும். அதன் பிறகு சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது வெறும் எண்ணெய்தான். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் எஞ்சின் வேகம் அப்படியே சரியும், வண்டி பாட்டுக்கு ஓடும். போதாததற்கு இந்தப் பெட்டியில் எண்ணெய் அழுத்தம் ஆக்சிலரேட்டரோடு கேபிளால் கட்டப்பட்டது. கால் எடுத்தால் அழுத்தம் குறையும், அந்த நேரம் பார்த்து நீங்கள் பின்பக்கமிருந்து பாரம் கொடுத்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். ஆகவே எக்ஸாஸ்ட் பிரேக் இயங்கும்போது லாக்கைப் பிடித்து வைக்கும் கன்ட்ரோலர் வேண்டும், எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தும் ஏற்பாடும் வேண்டும். இது இல்லாமல் பிரேக்கை மட்டும் மாட்டி ஓட்டிய ஒரு வண்டியின் பெட்டியை நானே திறந்திருக்கிறேன். தட்டுகள் கரியாக இருந்தன.

கையால் கியர் போடும் வண்டியாக இருந்திருந்தால் இந்தத் தலைவலி கிடையாது. கிளட்சை மிதித்தால் பிரேக் விடுபட ஒரு சுவிட்ச் வைத்தால் போதும்.

ஒன்று சொல்லுங்கள்: இறக்கத்தில் எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வருகிறீர்கள்?

இழுவைக்காரன்:

ரொம்ப நன்றி. வால்வு ஸ்பிரிங் பற்றி ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தேன், காபி நிறத்தில் இருக்கிறது. வண்டி வாங்கியதிலிருந்து நான் மாற்றவில்லை. நாளை மாற்றுகிறேன்.

ஓவர்டிரைவை, அதாவது நான்காவது கியரை, அணைத்துவிட்டு மூன்றாவதில் வருவேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் 1500-க்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவதில் போட்டால் 2100 வரும், சத்தம் கூடிவிடும் என்று தவிர்த்தேன்.

மூன்றாம் கியர்:

அந்த 1500 என்ற எண்தான் உங்கள் கேள்விக்குப் பதில்.

சாதாரண வகையில் தட்டில் ஒரே அளவு ஓட்டை. எஞ்சின் அதிகபட்ச வேகத்தில் சுற்றும்போதும் அழுத்தம் எல்லை தாண்டக் கூடாது என்பதால் ஓட்டையைப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கிறது. வேகம் குறைந்தால் வெளியேறும் காற்றும் குறையும், அதே ஓட்டை வழியாகச் சுலபமாக நழுவிப் போய்விடும். 2500 ஆர்பிஎம்மில் இறுக்கிப் பிடிக்கிற பிரேக், 1500-ல் இருக்கிற இடம் தெரியாது. பேக்பிரேக் பி.ஆர்.எக்ஸ்.பி மாதிரியான தானே சரிசெய்துகொள்ளும் வகையில் அழுத்தம் எல்லையைத் தொட்டால் மட்டும் வழி திறக்கும். அதனால் குறைந்த ஆர்பிஎம்மிலும் ஏறக்குறைய முழு அழுத்தம் கிடைக்கும். லாக் பிடித்த மூன்றாவது கியரில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இதுதான். 2000 ஆர்பிஎம்முக்கு மேலேயே இறங்குகிறவர்களுக்குச் சாதாரண வகை போதும், அதில் கெட்டுப்போகும் பாகமும் குறைவு.

ஆனால் அளவாக எதிர்பாருங்கள். 5.9 லிட்டரில் 60 பி.எஸ்.ஐ என்பது கணக்குப்படி 1500 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட 30 கிலோவாட். எஞ்சினின் சொந்த உராய்வு இன்னொரு 10 கிலோவாட் தரலாம். உங்களுக்குத் தேவை 46. ஆகவே மூன்றாவதில் வண்டியை முழுதாகப் பிடித்து நிறுத்தாது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறும், அவ்வப்போது காலால் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறைக்கும்போது லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், 3 வினாடி நன்றாக அழுத்தி 8, 10 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். நடுவில் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

வேக்குவமா, காற்றா என்பது சின்ன விஷயம். இரண்டும் நன்றாக இழுக்கும். வேக்குவம் எடுத்தால், வண்டியின் மற்ற பாகங்களுக்குப் போகும் குழாயிலிருந்து நேரடியாகக் கிளை எடுக்காமல், தனித் தொட்டியும் ஒருவழி வால்வும் வையுங்கள்.

பழைய டீசல்:

ஒரு சின்ன இடைச்செருகல். லாரிகளில் கடகடவென்று சத்தம் போடும் ஜேக் பிரேக் வேறு. அது வால்வையே திறந்து, அழுத்திய காற்றை வெளியே விட்டுவிடும். அதைக் கண்டுபிடித்தவர், உங்கள் எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த கிளெஸ்ஸி கம்மின்ஸ்தான். 1931-ல் டீசல் லாரி ஒன்றில் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது அவருக்கு பிரேக் பிடிக்காமல் போய், கீழே தண்டவாளத்தில் வந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. ஜேக்கப்ஸ் நிறுவனம் அந்த பிரேக்கை 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உங்கள் முதல் பதிவைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

கரிக்கை:

மாட்டுவதற்கு முன், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள் அண்ணா. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு. சாதாரணமாக ஓட்டும்போது தெரியாது, 60 பி.எஸ்.ஐ வந்தால் அங்கேதான் எல்லாம் போகும். அப்புறம் பிரேக் தட்டுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி.

இழுவைக்காரன்:

5 வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்பிரிங் 6, லாக் கன்ட்ரோலர், எண்ணெய் அழுத்த ஏற்பாடு, தானே சரிசெய்துகொள்ளும் பிரேக், கேஜ் எல்லாம் போட்டாகிவிட்டது. பிரேக் ஆயிலும் மாற்றிவிட்டேன்.

ஆனால் 2 பிரச்சினை. 1500 ஆர்பிஎம்மில் கேஜ் 32 பி.எஸ்.ஐ தாண்டவில்லை. இன்னொன்று, காலால் பிரேக்கைத் தொட்டதும் ஆர்பிஎம் 1500-லிருந்து சட்டென்று 900-க்கு விழுகிறது. காலை எடுத்தாலும் திரும்ப ஏற நேரமாகிறது.

கரிக்கை:

இரண்டாவது சுலபம். ஆர்பிஎம் விழுகிறது என்றால் லாக் விடுகிறது. பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து வரும் சிக்னலைப் பார்த்துத்தான் அது விடும். எக்ஸாஸ்ட் பிரேக் ஓடும்போது அந்த சிக்னலை மீறி லாக்கைப் பிடித்து வைக்கும்படி கன்ட்ரோலரின் ஒயரை மாற்ற வேண்டும். ஆனால் 40 கிலோமீட்டருக்குக் கீழே லாக் தானாக விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். அதையும் சேர்த்து அமைக்கச் சொல்லுங்கள்.

முதலாவது கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில் பிரேக்கைப் போட்டு, சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான்.

இழுவைக்காரன்:

பார்த்தேன். மேனிஃபோல்டின் பின் முனையில் குமிழி கொப்பளித்தது. 2 போல்ட் தளர்ந்து, கேஸ்கெட் எரிந்துபோயிருந்தது. முன்பே டார்ச் அடித்துப் பார்த்தேன், ஆனால் முன் முனையை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன். கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிது போட்டு, ஒயரையும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன்.

நேற்று அதே 11 கிலோமீட்டர், அதே பாரம். கேஜ் 57-ல் நின்றது. காலால் பிரேக்கைத் தொட்டாலும் ஆர்பிஎம் அசையவில்லை. கிட்டத்தட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவை 3 வினாடி அழுத்தினேன், அவ்வளவுதான். கீழே இறங்கி நிறுத்திச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். பெடல் மேலேயே நிற்கிறது. மகள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் கியர்:

கேட்க நிறைவாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். ட்ரெய்லர் பிரேக்கை அது இயக்காது. மழையில் வழுக்கும் வளைவில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் வண்டி மடங்கும். ஈரமான சாலையில் சுவிட்சை அணைத்துவிட்டு, வேகத்தை முன்கூட்டியே குறைத்து, இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் பிடிக்கும்போது உங்கள் பின்பக்க பிரேக் விளக்கு எரிகிறதா?

இழுவைக்காரன்:

எரியவில்லை. இந்த வாரமே ஒரு ரிலே வைத்துவிடுகிறேன்.