ஹீத்ரோ இமிக்ரேஷன்: அம்மாவுக்கு எந்த இங்கிலீஷ் போதும்?

கேள்வி: அம்மா விசிட்டர் விசாவில் தனியா லண்டன் வர்றாங்க. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க, பேச வராது. என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பதில் 1: "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?"னு கேட்டா "விசிட்டிங் மை சன்". "ஹவ் லாங்?"னா "டூ மன்த்ஸ்". "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?" கேட்டா வாயால் சொல்லவே வேண்டாம், முகவரி, உங்க போன் நம்பர், ரிட்டர்ன் டிக்கெட் விவரம் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட நீட்டட்டும். பேரனைப் பார்க்க வர்றாங்கன்னா "சீ மை கிராண்ட்சன்"னு பழக்குங்க. "லுக் ஆஃப்டர்"னா குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்த மாதிரி கேட்கும், கேள்வி நீளும். புரியாம "எஸ் எஸ்"னு தலையாட்டுறதுதான் பெரிய வினை. "சாரி, ஒன்லி தமிழ்"னு சொல்லிட்டு நிக்கட்டும்.

பதில் 2: பெட்டி எடுக்க "பேகேஜ் ரீக்ளெய்ம்" போர்டு. நெய், பால்கோவா வேண்டவே வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டுவரத் தடை. "எனி மீட் ஆர் டெய்ரி?"க்கு நேர்மையா "நோ" சொல்லலாம்.

பதில் 3: வீல்சேர் உதவியை 48 மணி நேரம் முன்னாடியே ஏர்லைன்ஸில் பதிவு பண்ணுங்க. இறங்கினதும் "அசிஸ்டன்ஸ், ப்ளீஸ்" போதும், அழைச்சுட்டுப் போவாங்க.